பக்கிள்… சரி!

"கேஸ் வால்வு… சரி!"

ஆட்காட்டி விரல் அடுப்பை நோக்கி விறைப்பாக நீள்கிறது. அடுத்து ஜன்னல். அடுத்து மகளின் நர்சரிப் பை. "துண்டு… சரி! சாப்பாட்டு டப்பா… சரி! மாத்துச் சட்டை… அது எங்கடி போச்சு? ஆங், சரி!" காலை ஏழு பத்துக்கு தோயோமுரா சிஹோ வீட்டுக் கதவைச் சாத்துவதற்குள் பதினொரு பொருள்களை விரலால் சுட்டி, பெயர் சொல்லி, சரிபார்த்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர் அலாரம் வைப்பதை விட்டு நாலு வருடமாகிறது.

இது ரயில்வேக்காரர்களின் பழக்கம். கண் மட்டும் பார்த்தால் ஏமாறும், விரலும் வாயும் கூடச் சேர்ந்தால் ஏமாறாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒசாகாவின் கிழக்கோரத்தில் ஓடும் ஒரு ரயில் கம்பெனியில் சிஹோவுக்குப் பாலங்களின் போல்ட்டைத் தட்டிப் பார்க்கும் வேலை. கையில் நீளக் காம்பு வைத்த சின்னச் சுத்தியல். இறுகிய போல்ட் 'கிண்' என்னும். தளர்ந்தது 'பொத்' என்னும். ஒரு நாளைக்கு எண்ணூறு போல்ட். இப்படிப் பதினான்கு வருடம்.

அந்தக் காது வேலை முடிந்த பிறகும் ஓய்வதில்லை. காய்கறிக் கடையில் தர்பூசணியைத் தட்டுவாள். அவள் ஒன்றை எடுத்தால் அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுக்க இரண்டு பேர் காத்திருப்பார்கள். நூடுல்ஸ் கடையில் கிண்ணத்தைச் சுண்டிப் பார்த்து, "அண்ணே, இதுல விரிசல் இருக்கு, மாத்திக் குடு" என்பாள். தூக்கிப் பார்த்தால் அடியில் மயிரிழைக் கோடு இருக்கும். தலைக்கவசம் அழுத்திய தழும்பு நெற்றியில் நிரந்தரம். கைப்பையில் எந்நேரமும் ஆரஞ்சு மிட்டாய், யாரிடம் பேசினாலும் பேச்சு முடிவதற்குள் ஒன்றைக் கையில் திணித்துவிடுவாள். அவள் ஊர்ப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான்.

அந்தச் சிஹோதான் ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பைபாஸ் சாலையில் இருக்கும் பெரிய குழந்தைச் சாமான் கடைக்குள், வலது கையில் குழந்தையை உட்கார வைக்கும் கார் சீட்டும் இடது கையில் மூன்றரை வயது மகள் நாட்சுவுமாக நுழைந்தாள். நாட்சுவின் நெற்றியில் வீக்கம், ஊறுகாய்ப் பிளம் பழத்தின் அளவு, ஏறக்குறைய அதே நிறம்.

நடந்தது இவ்வளவுதான். வாங்கிப் பதினாறு நாள் ஆன சீட். ரயில்வே கேட்டருகே சைக்கிள் ஒன்று குறுக்கே வர, சிஹோ பிரேக்கை மிதித்தாள். பட்டைகளைப் பூட்டும் பக்கிளின் இடது நாக்கு கழன்று, குழந்தை சரிந்துபோய் முன் சீட்டின் முதுகில் முட்டிக்கொண்டது. வேகம் குறைவு, அதனால் வீக்கத்தோடு போயிற்று. ஆனால் சிஹோவின் தூக்கத்தைக் கெடுத்தது வீக்கமல்ல. அன்று காலை வழக்கம்போல விரலை நீட்டி, "பக்கிள்… சரி!" என்று அவளே சொல்லியிருந்தாள். 'டக்' என்று சத்தம் வந்தது, வாய் சரி என்றது. பதினான்கு வருடத்தில் ஒரு போல்ட்டைக்கூடத் தப்பாகச் சரி சொல்லாத வாய்.

"பணத்தைத் திருப்பித் தர்றோம்னு போன்லயே சொல்லிட்டாங்கல்ல, வாங்கிட்டு வந்துடேன்" என்றார் கணவர்.

"பணமா? அதே சீட்டு இன்னும் எத்தனை கார்ல ஓடுதோ!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடையின் மேலாளர் கவாசோய், ஐம்பதைத் தொடும் மெலிந்த மனிதர், அவளைச் சின்ன அறையில் உட்கார வைத்தார். மேசைமேல் ஒரு பெட்டி, பெரிய கடைக் காகிதத்தில் மடிப்புக் கலையாமல் சுற்றி, தயாராக இருந்தது. மன்னிப்பு கேட்பவர்கள் கொண்டுவரும் இனிப்புப் பெட்டி. அதைக் கையில் வாங்கினால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். அதனால் சிஹோ இரண்டு கையையும் முட்டிக்கடியில் வைத்துக்கொண்டாள்.

கவாசோய் இடுப்பு வரை குனிந்தார். "உங்களுக்கு இப்படியொரு தொந்தரவு குடுத்ததுக்கு ஆழ்ந்த மன்னிப்பு…"

"நிமிருங்க சார். தரையப் பாத்துப் பேசினா எனக்குக் காதுல விழல."

நிமிர்ந்தார்.

"இதே எண்ணோட வந்த சீட்டு இன்னும் எத்தனை அலமாரில இருக்கு?"

"அது வந்து… ஒம்பது இருக்கும்."

"வித்தது?"

"தோயோமுரா மேடம், இது ஒரு சீட்டுல மட்டும் வந்த குறைன்னுதான் கம்பெனில சொல்றாங்க. ஒருவேளை நீங்க மாட்டினதுல…"

"நான் மாட்டினதுலயா?" சிஹோ சிரித்தாள். "என் காதை நம்பி மூணு ஜில்லா ரயில் ஓடுது சார். அந்த ஒம்பதையும் எறக்கி வைங்க. வாங்கினவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

கவாசோய் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "யோசிச்சுப் பாக்கிறோம்."

ஒசாகாவில் 'யோசிச்சுப் பாக்கிறோம்' என்றால் 'மாட்டோம்'. கவாசோயும் அந்த ஊரில் பிறந்தவர்தான். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரியும். பெட்டியை இரண்டு கையாலும் அரை அடி முன்னே தள்ளினார்.

சிஹோ எழுந்தாள். கதவைத் திறந்து கடைக்குள்ளேயே நடந்தாள்.

சனிக்கிழமை, அதுவும் பள்ளி திறக்கும் மாதத் தள்ளுபடி. தள்ளுவண்டிகள் முட்டிக்கொள்கின்றன. தலைக்கு மேல் கடையின் விளம்பரப் பாட்டு நாற்பது விநாடிக்கு ஒருமுறை முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கார் சீட் வரிசையில் நிறைமாதப் பெண் ஒருத்தி அதே சீட்டின் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அதக் கொஞ்சம் குடு. ரெண்டே நிமிஷம்" என்று மிட்டாயை அவள் கையில் வைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்துவிட்டாள் சிஹோ.

பெண்ணுக்கு மிட்டாயைப் பார்ப்பதா பெட்டியைப் பார்ப்பதா என்று புரியவில்லை. "அக்கா, நீங்க கடை ஆளா?"

"இல்ல. ரயில் ஆளு."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு நாக்கையும் சேர்த்துப் பக்கிளில் சொருகினாள். டக். பட்டனை அழுத்திக் கழற்றினாள். மறுபடி டக். காதைப் பக்கிளுக்கு இரண்டு அங்குலத்துக்குக் கொண்டு போனாள். பாட்டு குறுக்கே வந்தது.

"அந்தப் பாட்டை நிறுத்துங்கப்பா!"

கடைப் பையன்கள் மேலாளரைப் பார்த்தார்கள். பேத்திக்கு மழைக்கோட்டு வாங்க வந்த ஒரு பெரியவர் அதற்குள் கையை வாயருகே மைக் போல வைத்துக்கொண்டு கூவினார்: "நிறுத்துங்கடா, இங்க ஆபரேஷன் நடக்குது!" சிரிப்பு எழுந்தது. சிரிப்புக்கு ஆள் சேர்ந்தது. ஆள் சேர்ந்ததும் பாட்டு நின்றது.

ஒரு சீட்டுக்குப் பத்து தடவை என்று கணக்கு வைத்தாள். பத்தாவது முடிந்ததும் விரல் நீளும்: "முதல் சீட்… சரி!" இரண்டாவது, சரி. மூன்றாவதுக்குக் கூட்டம் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. நாலாவதுக்கு நாட்சுவும் அம்மா பக்கத்தில் நின்று விரலை நீட்டினாள். "சரி!" என்று முப்பது பேர் கத்தினார்கள்.

கவாசோயின் முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. "பாருங்க, எல்லாமே நல்லாத்தான…"

"பேசாதீங்க சார், கேக்கல."

ஐந்தும் சரி. சிஹோவின் கழுத்தில் வியர்வை. இன்னும் நாலுதான். எல்லாம் சரியாக இருந்துவிட்டால், முப்பது பேர் முன்னால் அவள் ஒரு வாயாடி. இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். மற்றக் குழந்தைகள் எங்கோ எந்தக் காரிலோ பட்டை மாட்டிக்கொண்டு போகும்.

ஆறாவது. டக். டக். டக். "நாலு… அஞ்சு… ஆறு…" டக்.

அவள் கை நின்றுவிட்டது.

"என்னக்கா? ஏழுதான ஆச்சு?" என்றாள் நிறைமாதப் பெண்.

"ஷ்ஷ்." சிஹோ பக்கிளைத் தொடவில்லை. அப்படியே இருக்க விட்டு, விரலை மட்டும் நீட்டினாள். அவள் வேலைக்கூட்டாளிகள் மட்டுமே கேட்டிருக்கும் குரலில், அடிவயிற்றிலிருந்து சொன்னாள்: "ஆறாம் சீட்… இல்லை!"

"ஒரே மாதிரிதான சத்தம் வந்துச்சு" என்றார் பெரியவர்.

"இல்லங்க. ஒரு நாக்கு கடிச்சிருக்கு. இன்னொண்ணு கடிச்ச மாதிரி நடிக்குது. சார், நீங்களே வாங்க. நான் இழுத்தா நான் கழட்டினேன்னு சொல்லுவீங்க. இழுத்துப் பாருங்க."

கவாசோய் கோட்டுப் பட்டனைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். இடது பட்டையை இரண்டு விரலால் மெல்லப் பிடித்தார். மெல்லத்தான் இழுத்தார். வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல நாக்கு கையோடு வந்துவிட்டது.

நிறைமாதப் பெண்ணின் கை தன் வயிற்றின்மேல் போயிருந்தது. கவாசோய் அந்தக் கையைப் பார்த்தார், நாட்சுவின் நெற்றியைப் பார்த்தார், தன் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார்.

"வித்தது முப்பத்தொண்ணு" என்றார் தரையில் இருந்தபடியே. "ஆனா யார் யாருன்னு… தலைமை ஆபீஸ்ல கேட்டுத்தான்…"

"பாயிண்ட் அட்டை வச்சிருக்கீங்கல்ல? டயப்பர் தள்ளுபடின்னா காலைல ஆறு மணிக்கே என் போன்ல மணி அடிக்குது. அதே நம்பர்தான் சார்!"

பெரியவர் கைதட்டினார். கூட்டம் முழுக்கத் தட்டியது. யாரோ ஒருத்தி, "எங்க அண்ணி வாங்கியிருக்கா, நான் இப்பவே சொல்றேன்!" என்று போனை எடுத்தாள். கவாசோய் எழுந்து, முட்டியிலிருந்த தூசியைக்கூடத் தட்டாமல், கவுண்டருக்கு ஓடினார். மேலாளர் ஓடுவதை அந்தக் கடை ஊழியர்கள் அன்றுதான் பார்த்தார்கள். ஒரு நிமிடத்தில் விளம்பரப் பாட்டு வந்த குழாயிலேயே அவர் குரல் வந்தது. அந்த வகைச் சீட்டின் பெயரையும் எண்ணையும் சொல்லி, வாங்கியவர்கள் யாரும் இன்று குழந்தையை அதில் உட்கார வைக்க வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். தலைமை ஆபீஸைக் கேட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய கழுத்துப்பட்டை ஒரு பக்கம் கோணியிருந்தது.

ஐந்தரை மணிக்கு முப்பத்தொரு பேரில் இருபத்தெட்டுப் பேருக்குச் செய்தி போயிருந்தது. மிச்சம் மூன்று பேரின் வீட்டுக்கு இரண்டு ஊழியர்கள் காரில் கிளம்பிவிட்டார்கள். அலமாரி காலி. இறக்கி வைத்த ஒன்பது சீட்டுகளுக்குக் குறுக்கே மஞ்சள் நாடா. அதை ஒட்டும்போது சிஹோவே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டியவன் நாடாவைக் கோணலாக ஒட்டினானாம், பார்க்கச் சகிக்கவில்லையாம்.

வண்டி நிறுத்துமிடத்தில் வேறு கம்பெனிச் சீட் ஒன்றைக் கவாசோய் தன் கையாலேயே அவள் காரில் பொருத்தினார். பிறகு கக்கத்தில் இடுக்கியிருந்த பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "இப்ப வாங்கிப்பீங்களா?"

"அந்த மூணு பேரும் கிடைக்கட்டும் சார். கெட்டுப் போகாதில்ல?"

"இருபது நாள் தாங்கும்."

"அப்போ வச்சிருங்க" என்று பெட்டியின்மேல் ஓர் ஆரஞ்சு மிட்டாயை வைத்துவிட்டுக் குனிந்து வணங்கினாள்.

நாட்சு புதுச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டக். நல்ல, கெட்டியான டக். குழந்தை முந்திக்கொண்டு விரலை நீட்டியது: "பக்கிள்… சரி!" பின்னால் ஒரு கார் இடத்துக்காகக் காத்து நின்றது. சிஹோவின் விரலும் எழுந்தது, பக்கிளைச் சுட்டியது, வாய் திறந்தது.

வாய் மூடிக்கொண்டது. விரலை மடக்கினாள். இடது பட்டையை இழுத்தாள், வலது பட்டையை இழுத்தாள். பிறகு சிவப்புப் பட்டனை அழுத்தி இரண்டையும் கழற்றிவிட்டு, முதலிலிருந்து மாட்ட ஆரம்பித்தாள்.