பரண் மேல் வைத்த பாட்டு

ஒடுகத்தூரை அடுத்த மலையடிவாரத்து ஊர்களில் அந்தக் காலத்தில் கிராமபோன் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். ஏதாவது பெரிய மனிதர் வீடாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு சோடி மாடும் மட்டுமே இருந்த துரைக்கண்ணுவின் கூரைவீடு அது. ஊரார் அதைப் பாட்டுப்பெட்டி வூடு என்றே சொன்னார்கள். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் செல்லியம்மாள். போளூர்ப் பக்கத்துப் பெண். பேச்சு குறைச்சல், வேலையில் சூட்டிகை. பயம் மட்டும் ஊருக்கே பங்கு போடும் அளவுக்கு இருந்தது.

துரைக்கண்ணு கல்யாணத்துக்கு முன்னால் வேலூரில் ஒரு வெள்ளைக்காரரிடம் கார் ஓட்டியவன். அவர் சீமைக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். மற்றவர்கள் கட்டிலும் நாற்காலியும் எடுத்தார்கள். இவன் சாவி முடுக்கிப் பாடவைக்கும் அந்தப் பெட்டியை எடுத்தான். பிறகு கடையில் மூன்று இசைத்தட்டுகளும் வாங்கிச் சேர்த்தான். அவற்றில் ஒன்றுதான் அவனுக்கு உயிர். தினைப்புனம் காக்கும் வள்ளி முருகனைக் கூப்பிடுவதாக ஒரு நாடகக்காரி பாடியது. எடுத்த எடுப்பிலேயே ‘வேலவா’ என்று நீட்டி இழுப்பாள். அந்த இழுப்புக்காகவே துரைக்கண்ணு வேலைக்கு நடுவில் வீட்டுக்கு வந்துபோவான்.

கல்யாணமான புதிதில் செல்லியம்மாளுக்கு அந்த நாடகக்காரி மேல் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. சாயங்காலம் ஆனால் புருஷன் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டுவிடுவான். ஒருநாள் சாவியை அவள் கையில் கொடுத்து, இறுகும்போது நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் திருகினால் உள்ளே சுருள் அறுந்துவிடும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து எரிச்சல் போய்விட்டது. அவள் முடுக்குவாள், அவன் ஊசியை வைப்பான். அந்த ஒன்றரை வருஷத்துச் சாயங்காலங்களை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

நாற்பத்திரண்டில் பட்டாளத்துக்கு லாரி ஓட்ட ஆள் எடுத்தார்கள். துரைக்கண்ணு பெயர் கொடுத்துவிட்டான். கிளம்புகிற அன்று மாட்டைப் பற்றிச் சொல்லவில்லை, நிலத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

“ஈரம் படக்கூடாது, பூச்சி அரிக்கக்கூடாது. நான் வர்ற வரைக்கும் அந்தப் பாட்டு இருக்கணும், செல்லி” என்றான்.

அவள் தலையாட்டினாள். அப்படி ஆட்டிய தலையை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ நாள் தூக்கம் கெட்டாள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து தண்ணீர் இறங்கி ஊரையே ஊறவைத்தது. சுவரெல்லாம் ஓதம். பெட்டியை அவன் வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டி மேல் தூக்கி வைத்தாள். தட்டுகளை எங்கே வைப்பது? ஈரமும் பூச்சியும் அண்டாத இடம் எது என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும், அடுப்புக்கு மேலே பரண். சாமை விதையும் சோளக் கதிரும் அங்கேதான் புகை குடித்துக்கொண்டு அடுத்த வருஷத்துக்காகக் காத்திருக்கும். செல்லியம்மாள் தட்டுகளைப் புதுத்துணியில் மூடி, விதைப்பானையில் சாய்த்து வைத்தாள். ஒரு இசைத்தட்டுக்கு இதைவிட மரியாதை எந்த ஊரிலும் நடந்திருக்காது. ஈர விறகாயிற்றே என்று அடுப்பையும் பகலெல்லாம் அணையாமல் பார்த்துக்கொண்டாள்.

மழை ஓய்ந்ததும் இறக்கித் துணியைப் பிரித்தாள். மூன்று தட்டும் அடுப்புச் சூட்டில் இளகி, பொரித்த அப்பளமாக ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன.

பக்கத்து வீட்டுச் சாந்தாமேரி ஓடிவந்தாள். மாதா கோயில் பள்ளிக்கூடத்து சகாயம் வாத்தியாரின் மனைவி. எதற்கும் கலங்காதவள். வளைந்ததை நிமிர்த்த முடியாதா என்ன, பாரம் வைத்தால் தானாகப் படிகிறது என்று சொல்லி, இருவருமாக அம்மிக்கல்லைத் தூக்கி ஒரு தட்டின் மேல் வைத்தார்கள். அது இரண்டாகப் பிளந்தது. இருவரும் உட்கார்ந்து அழுதார்கள். யோசனை சொன்னவள் என்பதால் சாந்தாமேரி கொஞ்சம் கூடுதலாகவே அழுதாள்.

இரண்டாவது தட்டு ஊசியை வைத்தவுடன் தூக்கி எறிந்தது. மிச்சம் இருந்தது வள்ளி பாட்டு. செல்லியம்மாள் ஊசியை வைத்தாள். அது பாடியது. ஆனால் ‘வேலவா’ நேராக வரவில்லை. ஓரம் வளைந்திருந்ததால் குரல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மலைப்பாதையில் மூட்டை சுமப்பவள் கூப்பிடுவதுபோல் வந்தது. உள்ளே போகப் போகச் சரியாகிவிட்டது. ஆனால் புருஷன் உயிரை வைத்திருந்தது அந்த முதல் இழுப்பில் அல்லவா?

துரைக்கண்ணுவிடமிருந்து கடுதாசி வந்தால் சகாயம் வாத்தியார்தான் படித்துச் சொல்வார். எந்தக் கடுதாசியானாலும் பெட்டி எப்படி இருக்கிறது என்ற கேள்வி அதில் இருக்கும். பெட்டி நல்லபடியாக இருக்கிறது என்று எழுதச் சொல்வாள். பொய் இல்லை, பெட்டி நல்லபடியாகத்தான் இருந்தது. தட்டைப் பற்றி அவன் கேட்கவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொள்வாள். தேறாது. குண்டு விழும் ஊரில் கிடப்பவன் இந்தப் பாட்டை நினைத்துத்தான் நாட்களை ஓட்டுகிறான், அதைப் போய் அடுப்பில் வாட்டிவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

முதலில், தட்டு கொஞ்சமாவது நிமிர்ந்ததா என்று பார்க்க அவ்வப்போது பாடவைத்தாள். பிறகு அவன் இல்லாத வீடு தாங்காமல் பாடவைத்தாள். விதைக்காக நிலக்கடலை, அந்தப் பக்கத்து வார்த்தையில் மல்லாட்டை, உரிக்க வந்த பெண்கள் அதையே கேட்டார்கள். பாடுவதற்கு வேறு தட்டு ஏது? யுத்தத்தில் ஊசி கிடைக்காமல் போனபோது வேலியில் காரை முள் ஒடித்துச் செருகினாள். குரல் கம்மியது, ஆனாலும் பாடியது. மெல்ல அந்தப் பாட்டு பெட்டியை விட்டு வெளியே கிளம்பியது. நாற்று நடும்போது பாடினார்கள், தொட்டில் ஆட்டும்போது பாடினார்கள். சந்தையில் தேன் விற்றுத் திரும்பும் மலைக்காரர்கள் வாசலில் இளைப்பாறிக் கேட்டுவிட்டு மேலே கொண்டுபோனார்கள். எல்லோரும் ‘வேலவா’வை ஏற்றி இறக்கித்தான் பாடினார்கள். பாட்டே அப்படித்தான் என்று நினைத்தார்கள். செல்லியம்மாளுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது.

யுத்தம் முடிந்து நாற்பத்தாறு கார்த்திகையில் துரைக்கண்ணு வந்தான். வருகிற நாள் யாருக்கும் தெரியாது. ஒடுகத்தூரில் இறங்கி நடந்து வந்தவன் ஊருக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லை ஓரம் நின்றுவிட்டான். கொல்லையில் பெண்கள் மல்லாட்டை ஆய்ந்துகொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பாட்டு. வாயெல்லாம் ஒன்றாக ‘வேலவா’ என்று ஏறி இறங்கியது. சூடு பட்டு வளைந்த தட்டு அப்படித்தான் பாடும் என்று அவனுக்குத் தெரியும்.

செல்லியம்மாள் நாலு வருஷமாகப் பதில் தயார் செய்துவைத்திருந்தாள். எலி என்று ஒன்று, ஓட்டைக் கூரை என்று ஒன்று. துரைக்கண்ணு வாசலில் வந்து நின்றான். அவன் இளைத்துக் கறுத்திருந்தான். தலைமேல் இருந்த பட்டாளத்துப் பெட்டியை இறக்கக்கூட இல்லை.

“பரண் மேல வெச்சியா?” என்று கேட்டான்.

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“வெதைய அங்கதாங்க வெக்கிறோம்” என்றாள்.

துரைக்கண்ணு பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தான். கொல்லையிலிருந்து பாட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டான். “இருக்கணும்னு சொன்னேன். இருக்குதில்ல? அழுவாத” என்றான். நாலு வருஷத்துப் பாரம் இந்த ஒரு வார்த்தையில் இறங்கிப்போனது அவளுக்கே நம்பமுடியவில்லை.

வருகிற வழியில் பெங்களூரில் அதே பாட்டின் புதுத்தட்டு ஒன்று வாங்கிவந்திருந்தான். பழசு தேய்ந்துபோயிருக்கும் என்ற நினைப்பில் வாங்கியது. சாயங்காலம் ஊரே கூடியது. அவள் சாவி முடுக்கினாள், அவன் புது ஊசியை வைத்தான். நாடகக்காரி ‘வேலவா’ என்று நேராக, சுத்தமாக இழுத்தாள். கூடப் பாட வாயைத் திறந்த பெண்கள் நடுவில் தட்டுத்தடுமாறி நின்றுவிட்டார்கள். பாட்டு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இது வேறு யாரோ பாடியது, நம்ம பொம்பளை பாட்டைப் போடுங்கள் என்று சாந்தாமேரி மெதுவாகச் சொன்னாள். துரைக்கண்ணு சிரித்துவிட்டுப் பழைய தட்டைப் போட்டான். கூட்டத்துக்கு உயிர் வந்தது.

அப்புறம் அவனுக்கே அது ஒட்டிக்கொண்டது. ஏர் ஓட்டும்போது ஆரம்பத்தில் நேராகப் பாடிக்கொண்டிருந்தவன், ஆடி பிறப்பதற்குள் ஏற்றி இறக்கிப் பாடத் தொடங்கிவிட்டான். பழைய தட்டு முள்ளிலும் ஊசியிலும் தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் வெறும் இரைச்சலாகிப் போனது. நேர்த்தட்டு புத்தம் புதிதாக இருந்தது. அதைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷ ஐப்பசி மழையில் செல்லியம்மாள் அடுப்பில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினான். கையில் துணி சுற்றிய புதுத்தட்டு. சாமைப் பானையை நகர்த்தி அதில் சாய்த்து வைத்தான்.

“இன்னாங்க பண்றீங்க?” என்று கேட்டாள்.

“வெதைய அங்கதான வெக்கணும்” என்றான் துரைக்கண்ணு. செல்லியம்மாள் குனிந்து அடுப்பில் இன்னும் ஒரு விறகைத் தள்ளினாள்.