உப்புக்காற்றுக்கு வைத்த கிரீஸ்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, கணவரின் ஆக்சிஜன் இயந்திரத்து வடிகட்டியைக் கழுவிக் காயவைத்தேன். ஆறு மணிக்கு அடுப்பைத் திருகினேன். டெக்சஸுக்கு வந்து பதினோரு வருடமாகியும், பால் பொங்கும்வரை சிலிண்டர் தாங்குமா என்று ஒரு நொடி தோன்றுகிறது. இங்கே சிலிண்டரே இல்லை; தண்ணீரைப்போல எரிவாயுவும் தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வருகிறது.

இனி அந்தக் குழாயைத்தான் நம்புவது என்று முடிவு செய்திருந்தேன். போன வருடப் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. எங்கள் சிறிய ஜெனரேட்டருக்கு இரண்டாம் நாளே பெட்ரோல் தீர்ந்தது, பங்க்குகளும் மூடிக்கிடந்தன. ஆக்சிஜன் இயந்திரத்தைக் காரில் செருகி, முன்சீட்டிலேயே உட்கார்ந்து மூச்சுவிட்டார் கணவர். இன்னொரு முறை அவரை அப்படி உட்காரவிட மாட்டேன் என்று அன்றே டைரியில் எழுதினேன்.

வெளிச்சுவரில் எரிவாயு இணைப்பை உரிமம் பெற்ற பிளம்பர் முன்பே வைத்துத் தந்திருந்தார். ஜெனரேட்டரை எரிவாயுவில் ஓடும்படி மாற்றுவது என் வேலை. பெட்ரோலை வடித்தேன். கார்புரேட்டருக்கு முன்னால் அதற்கென்று வாங்கிய கிட்டில் வந்த தகட்டைப் பொருத்தி, ரெகுலேட்டரை மாட்டத் தொடங்கினேன். மரக்காணத்தில் உப்பளத்துக்கு நீர் இறைக்கும் எஞ்சினை ஓட்டும் என் அண்ணன், வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மரைக்கெல்லாம் கிரீஸ் வச்சியா? வைக்காம முடுக்குனன்னு வையி, அடுத்த தபா ஸ்பேனருக்கு அசையாது."

வைத்தேன். அவர் வீடியோவை அணைத்தார். மரக்காணத்தில் எந்த நட்டையும் கிரீஸ் இல்லாமல் முடுக்க மாட்டோம். ஒருமுறை நான் மறந்ததற்கு, துருவேறிய நட்டை அப்பா உளியால் வெட்டி எடுத்தார்.

பக்கத்து வீட்டு ரேமண்ட் ஓய்வுபெற்ற பிளம்பர். சோப்பு நீரைத் தூரிகையால் தடவி வால்வைத் திறந்தார். முதல் இணைப்பிலேயே குமிழ்கள் வந்தன. உடனே மூடிவிட்டு, விரலால் தொட்டு முகர்ந்தார்.

"கிரீஸா? எதற்கு?"

"உப்புக்காற்றுக்கு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "கடல் இருநூறு மைல் தள்ளி இருக்கிறது," என்று தெற்கே கைகாட்டினார். "பார்க்க ஆசையென்றால் ஒருநாள் அழைத்துப்போகிறேன்."

வாசலில் கணவர் மூச்சிரைக்கச் சிரித்தார். "உங்கண்ணன் மரக்காணத்துல குந்திக்கினே இங்க கேஸ் லீக் பண்றாரு பாரு!"

எல்லா இணைப்பையும் கழற்றினேன். மரைகளில் பிசுபிசுப்பு போகும்வரை துடைத்து, கசிவை அடைக்கும், எரிவாயுவுக்கான மஞ்சள் நாடாவைச் சுற்றி மறுபடி முடுக்கினேன். குமிழ் இல்லை. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி வைத்துக் கயிற்றை இழுத்தேன். நான்காம் இழுப்பில் எஞ்சின் பிடித்தது. ஆக்சிஜன் இயந்திரம் ஒரு மணி நேரம் தடையின்றி ஓடியது.

"ஓடுதா? நான் சொன்னேன்ல!" என்றார் அண்ணன், மறுபடி போனில் அழைத்து. கிரீஸைத் துடைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை, வடிகட்டியைக் கழுவுவதற்கும் முன்பாக, எண்ணெய்த் துணியோடு வெளியே போனேன். மஞ்சள் நாடா சுற்றிய இடங்களைத் தொடவில்லை. ஜெனரேட்டரின் கைப்பிடியையும் சக்கரங்களின் அச்சையும் மட்டும், மரக்காணத்துக் காற்றுக்காகத் துடைத்துவைத்தேன்.