எச்சில் சட்டியில் வந்த கஜானா

“விளையாட்டுதானே, விடு” என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இவளுக்கு என்ன இம்புட்டு ஆங்காரம் என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும். பத்து வயதில் வந்த கோபம் அது. இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

அப்போது நாங்கள் சிம்மக்கல்லில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். பெரியப்பாவும் அப்பாவும் பழமண்டி வைத்திருந்தார்கள். சித்தப்பாவுக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டில் அவரிடம் மட்டும்தான் ஸ்கூட்டர் இருந்தது. அந்தக் கோடை விடுமுறைக்கு, கோயமுத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன், எங்கள் பெரியண்ணன், ஒரு புது விளையாட்டோடு வந்து இறங்கினான். ஹாஸ்டலில் பம்பாய்ப் பையன் ஒருவன் சொல்லிக் கொடுத்ததாம். காய் நகர்த்துகிற ஆட்டம் இல்லை. ஒருத்தன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு “நான் இதைச் செய்யிறேன்” என்று சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.

மாடி அறையின் சிவப்புத் தரையில் சாக்பீஸால் ஆறு, காடு, மலை, கோட்டை எல்லாம் வரைந்தான். கோட்டைக்குள் ஒரு காலித் தீப்பெட்டியை வைத்து அதுதான் கஜானா என்றான். ஆளுக்கு இத்தனை புளியங்கொட்டை, அதுதான் உயிர். அடிபட்டால் ஒன்று போகும், எல்லாம் போனால் செத்தாய். கேட்கும்போதே எனக்கு உடம்பு புல்லரித்தது. நான் வில்லாளி ஆகப்போகிறேன் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

வில்லாளி என் கூடப்பிறந்த அண்ணனுக்குப் போனது. சரி, மூத்தவன். தளபதி வேஷம் சித்தப்பா மகனுக்குப் போனது. அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். மூக்கு ஒழுகினால் துடைக்கத் தெரியாது, டவுசர் பட்டனை அவன் அம்மாதான் போட்டுவிட வேண்டும். அவன் தளபதி!

“நான் யாருண்ணே?” என்று கேட்டேன்.

பெரியண்ணன் கொஞ்சம் யோசித்தான். “நீ சோத்துச் சட்டி தூக்குறவ. படைக்குச் சோறு வேணும்ல?”

“எனக்கு எத்தனை கொட்டை?”

“ரெண்டு. உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க, நீயும் யாரையும் அடிக்க முடியாது. ஒப்புக்குச் சப்பாணின்னு வச்சுக்க.”

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எந்த ஆட்டத்திலும் இந்த ஒப்புக்குச் சப்பாணியை வைத்திருப்போம். ரொம்பச் சின்னது ஏதாவது ஒன்று அழுதுகொண்டு பின்னாலேயே வரும். அதை விரட்டினால் பெரியவர்களிடம் போய்ச் சொல்லும். அதனால் சும்மா சேர்த்துக்கொள்வது. அது ஓடலாம், ஒளியலாம், ஆனால் தொட்டாலும் அவுட் கிடையாது. முறைப்படி அந்த இடம் மூக்கொழுகித் தளபதிக்குத்தான் சேர வேண்டும். அவன் ஆம்பளைப் பிள்ளை, எனக்குக் கொடுத்தாயிற்று. நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சட்டியைத் தூக்கினேன்.

இதில் பந்தயம் வேறு. மாடிக்கு வந்து வேடிக்கை பார்த்த சித்தப்பா, கஜானாவை எடுத்துக்கொண்டு வருகிற ஆளை ஸ்கூட்டரில் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போய் ராட்டினத்தில் ஏற்றுவதாக வாக்குக் கொடுத்தார். ஒரே ஓர் ஆள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு அதுவரை ஸ்கூட்டரில் உட்காரவே கொடுத்து வைத்ததில்லை. அண்ணன்களை மட்டும் ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை ஒரு ரவுண்டு அடிப்பார், நான் வாசலில் நின்று புகையை மோந்து பார்ப்பேன். அந்த ராத்திரி எனக்கு ராட்டினம்கூடக் கனவில் வரவில்லை. ஸ்கூட்டரின் பின் சீட்டுதான் வந்தது.

அந்த வாரம் வீடு வேறு விருந்தாகக் களைகட்டியிருந்தது. அப்பாவின் தங்கச்சி, எங்கள் அத்தை, திருவாதவூரிலிருந்து வந்திருந்தாள். தாத்தா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. திருவாதவூரில் தாத்தாவின் நிலம் இருந்தது. அதை விற்று மண்டியைப் பெரிதாக்க அண்ணன் தம்பி மூன்று பேரும் முடிவு செய்திருந்தார்கள். அதற்கு அத்தையின் கையெழுத்து வேண்டுமாம். தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. இதெல்லாம் எங்களுக்கும் தெரியும், யாரும் மறைத்துப் பேசவில்லை. தினம் கறி, மீன், பணியாரம் என்று அத்தையைத் தாங்கினார்கள். நமக்கும் ரெண்டு துண்டு கூட விழுகிறதே என்பதைத் தாண்டி நான் எதையும் நினைக்கவில்லை.

மாடியில் படை கிளம்பியது. என் வேலை, பொழுது சாய்ந்ததும் “சோறு போடுறேன்” என்று சொல்வது மட்டும்தான். நான் சொல்ல மறந்தால் எல்லாருக்கும் ஒரு கொட்டை குறையும். சொன்னால் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் சும்மாதான் கேட்டேன்.

“அண்ணே, காட்டுல புலி இருக்குல்ல? அது என்னை அடிக்குமா?”

“உன்னை எதுக்கு அடிக்குது? நீதான் கணக்கிலேயே இல்லையே.”

எனக்குள் ஏதோ சொடக்குப் போட்டது. அன்றிலிருந்து படைக்கு முன்னால் நான் நடந்தேன். விறகு பொறுக்கப் போகிறேன் என்பேன். தண்ணி மோக்கப் போகிறேன் என்பேன். பெரியண்ணனும் கதை சொல்கிற சுவாரசியத்தில் அங்கே குழி இருக்கிறது, இங்கே கரடி படுத்திருக்கிறது என்று எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிவிடுவான். நான் திரும்பி வந்து படையிடம் சொல்வேன். அவர்கள் குழியைச் சுற்றிக்கொண்டு போவார்கள். “தளபதி தப்பிச்சிட்டாருடோய்” என்று அண்ணன்கள் மூக்கொழுகியைத் தட்டிக் கொடுப்பார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள் கோட்டை வாசலில் பூதம் நின்றது. வில்லாளி அண்ணன் தாயக்கட்டையை உருட்டு உருட்டென்று உருட்டினான். ரெண்டும் மூணும்தான் விழுந்தது. அவன் கொட்டையெல்லாம் போய், செத்துச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தளபதியிடம் ஒரே ஒரு கொட்டை மிச்சம். பயந்துபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கமே நிற்கிறேன் என்றான்.

“நான் உள்ள போறேன்” என்றேன்.

பெரியண்ணன் சிரித்தான். “பூதம் நிக்குதே.”

“நான் கணக்கிலேயே இல்லைன்னு நீதானேண்ணே சொன்ன.”

சொன்னது சொன்னதுதான். விட்டான். உள்ளே காவலாளிகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டேன். உண்ட மயக்கத்தில் தூங்கிவிடுவார்களா என்று கேட்டேன். ஆறு போட்டால் தூங்குவார்கள் என்றான். உருட்டினேன், அஞ்சு. தூங்கவில்லை.

“தூங்காட்டி என்ன? அவங்க சாப்பிட்ட வட்டிலைக் கழுவ வேணாமா? கிணறு இன்னும் உள்ளதானே இருக்கு. நான் உள்ள போறேன்.”

எச்சில் வட்டில் கழுவப் போகிறவளை யார் மறிப்பார்கள்? அடுத்து கஜானா அறை. தீப்பெட்டியை எடுத்துச் சட்டிக்குள் போட்டு, மேலே காவலாளிகள் தின்று மிச்சம் வைத்த சோற்றைக் கொட்டினேன்.

“வெளிய வரும்போது சோதனை போடுவாங்க” என்றான், குரலை உயர்த்தி.

“எச்சிச் சோத்துக்குள்ள எவண்ணே கைய விடுவான்? நீ விடுவியா?”

செத்துப்போன வில்லாளியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். பெரியண்ணன் என்னையே பார்த்தான். பிறகு சரி என்று தலையை ஆட்டினான். நான் காவலாளியைத் தாண்டி, பூதத்தைத் தாண்டி, ஆற்றைத் தாண்டித் தீப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டேன். ரெண்டு கொட்டையை வைத்துக்கொண்டு, ஒரு வாள்கூட இல்லாமல்.

“எலேய், இவ ஒப்புக்குச் சப்பாணிடா. இவ ஜெயிச்சா கணக்கா?” என்றான் என் கூடப்பிறந்த அண்ணன்.

நான் பெரியண்ணனைப் பார்த்தேன். அவன் ஏதாவது சொல்வான் என்று நம்பினேன். காலேஜ் படிக்கிறவனாச்சே.

“கணக்கில்லதான்” என்றான். “தோத்தாலும் தோத்ததாகாது, ஜெயிச்சாலும் ஜெயிச்சதாகாது. அதான் முறை. அவ படைக்குச் சோறு தூக்குறவ. அவ கொண்டு வந்தது தளபதிக்குத்தான் சேரும். தம்பிதான் ஜெயிச்சான்.”

மூக்கொழுகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கைதட்டிக் குதித்தான். அப்புறம் வந்து என் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கினான்.

எனக்குக் கண் இருண்டுவிட்டது. தாயக்கட்டையை எடுத்து வீசினேன். அது சுவரில் பட்டுத் தெறித்து மாடிப்படியில் டங் டங்கென்று உருண்டு கூடம் வரைக்கும் போனது. புளியங்கொட்டையை அள்ளி எறிந்தேன். கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள். “பொட்டப்புள்ளைக்கு என்னடி இம்புட்டு ஆங்காரம்? விளையாட்டுத்தானே, விட்டுக் குடுத்தாத்தான் என்ன?”

அம்மாவுக்குப் பின்னாலேயே அத்தை படியேறி வந்தாள். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். “எதுக்குடி அழுகிற?” என்று என்னைக் கேட்டாள். நான் விக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புலி, பூதம், எச்சில் சட்டி, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு பெரியண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அவ உள்ள போயி எடுத்துட்டு வந்தாளா, இல்லையா?”

“வந்தா அத்தை. ஆனா…”

“என்னடா ஆனா? வேலைக்கு மட்டும் ஆள் வேணும், பங்குன்னு வந்தா கணக்குல இல்லையா? இம்புட்டு நாளும் யாருடா உங்களுக்குச் சோறு போட்டது? புலி எங்க இருக்குன்னு பார்த்துட்டு வந்து யாருடா சொன்னது? கரையில நின்னு வேடிக்கை பார்த்தவனுக்குக் கஜானா, தூக்கிட்டு வந்தவளுக்கு முதுகுல அடியா? நல்லா இருக்குடா உங்க முறை!”

அத்தை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. குரல் உடைந்து கீச்சென்று வந்தது. பெரியண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஆனால் அத்தை அவனைப் பார்த்துப் பேசவில்லை. மாடிப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி, கீழே கூடத்தைப் பார்த்தபடி பேசினாள். அங்கே அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவின் பேச்சு நின்றுபோயிருந்தது.

அப்பா படியடியில் வந்து நின்றார். கையில் தாயக்கட்டை இருந்தது. “விடு தாயி. சின்னப் புள்ளைக விளையாட்டு.”

“நானும் விளையாட்டைத்தாண்ணே பேசுறேன்” என்றாள் அத்தை.

அப்பா அந்தத் தாயக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தை தளபதியின் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி என் கையில் வைத்து மூடினாள். “தம்பி! வண்டியை எடு. இவளைக் கூட்டிட்டுப் போயிட்டு வா” என்று சத்தம் போட்டாள். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஸ்கூட்டரில் போனேன். ராட்டினத்தில் ஏறினேன். உச்சிக்குப் போனதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதால் மதுரையைப் பார்க்கவில்லை. அத்தைக்கென்று முறம் அகலத்துக்கு ஓர் அப்பளம் வாங்கினேன், வண்டிக் காற்றில் அது பாதி உடைந்துபோனது. வீட்டுக்கு வந்து மிச்சத்தை நீட்டினேன். அத்தை ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, “ஜெயிச்சு வாங்கின அப்பளம், நல்லாத்தான் இருக்கு” என்றாள். அன்று ராத்திரி அவள் சாப்பிட்டது அது மட்டும்தான். கறிக்குழம்பை அம்மா மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில் அத்தையைக் கூட்டிக்கொண்டு பெரியவர்கள் எல்லாரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனார்கள். மத்தியானம் திரும்பி வந்தார்கள். பெரியப்பா இனிப்புப் பொட்டலங்களோடு வந்தார். அவரிடம் அத்தனை சிரிப்பை அந்த வாரம் முழுக்க நான் பார்த்ததில்லை. கூடத்தில் அத்தையைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தார்கள். பித்தளைத் தாம்பாளத்தில் அரக்கு நிறப் பட்டுச்சேலை, வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ. அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்து தாம்பாளத்தைப் பிடித்து அவளிடம் நீட்டினார்கள். அத்தை எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

தாத்தா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோது பீ மூத்திரம் அள்ளியது அத்தை ஒருத்திதான். அந்த இரண்டு வருஷத்தில் மூன்று மகன்களும் சேர்ந்து திருவாதவூருக்கு எத்தனை தடவை போனார்கள் என்று பின்னாளில் அம்மா எனக்குச் சொன்னாள். நான் சொல்ல மாட்டேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. பத்து வயதில் எனக்கு அது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், முந்தின நாள் அத்தை எல்லார் முன்னாலும் சண்டை போட்டாள், எனக்கு ஸ்கூட்டர் கிடைத்தது. இன்றைக்கு அவளுக்குப் பட்டுச்சேலை கிடைத்திருக்கிறது.

“ஐ! அத்தையும் ஜெயிச்சிட்டாங்க!” என்று கத்திக் கைதட்டினேன்.

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். மூக்கொழுகிகூட ஒன்றும் புரியாமல் என்னோடு சேர்ந்து தட்டினான். அப்பா மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிக்கொண்டு வாசலுக்குப் போனார். அத்தை தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, நான் தட்டி முடிக்கிற வரைக்கும் என்னைப் பார்த்தபடியே நின்றாள்.