நோயில்லாத கோழிக்கு மருந்து

கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் நடத்தும் அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘டோஸ் மேடம்’. பாடத்திலும் டோஸ், திட்டுவதிலும் டோஸ். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். “உன் கிளாஸ்ல மாட்டைக் கட்டிப்போட்டா அதுவும் தூங்கிடும்” என்று கிண்டலடிப்பார். அவளும் சிரிப்பாள்.

கொலிஸ்டின் பாடத்தில் மட்டும் சிரிப்புக்கு இடமில்லை. எதற்கும் அடங்காத கிருமிக்கு மனிதர்களிடம் மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு மருந்துகளில் அது ஒன்று. கோழி சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தீவனத்தில் கலந்தால், கிருமி அதற்கும் பழகிவிடும். “நோயே இல்லாத கோழிக்கு எதுக்குடா மருந்து?” என்று தொண்டை கம்மக் கத்துவாள்.

கணவருக்குச் சிறுநீரகக் கல். சின்ன ஆபரேஷன்தான். வீடு திரும்பிய கையோடு குளிர்ஜுரம் கண்டது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொன்றின் பெயராகக் கேட்டுக்கொண்டே நின்றாள். செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்துவதற்கு முன் அவர் அவள் கையைப் பிடித்தார்.

“உன் பாடத்துல நான் பாஸாக மாட்டேன் போல.”

“சும்மா இருங்க.”

மருத்துவர் நடைபாதைக்கு வந்தார். “கொலிஸ்டினும் குடுத்துப் பாத்துட்டோம் மேடம். கேக்கல.”

“டோஸ் சரியா பாத்தீங்களா?”

“பாத்தோம். இனி எங்க கையில ஒண்ணுமில்ல.”

மறுநாள் விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்கப் பழைய மாணவன் ஒருவன் வந்தான். வகுப்பில் முதலாவதாக வந்தவன். இப்போது தீவன ஆலையில் வேலை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இன்னும் கலக்கறீங்களா?”

அவன் தலை குனிந்தான். “வேணாம்னு சொல்லிப் பாத்தேன் மேடம். நான் விட்டா இன்னொருத்தன் கலப்பான்.”

அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அந்தக் கிருமி கோழியிலிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்தா, ஆஸ்பத்திரியிலேயே தொற்றியதா, யாராலும் சொல்ல முடியாது. அது அவளுக்குத் தெரியும். கோபப்படக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

“சாப்பிட்டுட்டுப் போ” என்றாள்.

திரும்பவும் அந்தப் பாடம் வந்தது. வேறு யாருக்காவது கொடுக்கும்படி துறைத்தலைவரிடம் கேட்டாள். “வேற ஆள் ஏதும்மா?” என்றார். வகுப்பில் குரல் உயர்த்தாமல் வாசித்து முடித்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். “மேடம், இது பரீட்சைக்கு வருமா?”

“வரும்.”

எல்லோரும் அவசரமாக அடிக்கோடிட்டார்கள்.

அந்த ஆண்டு விடைத்தாள்களில் ஒருவர் விடாமல் அதைச் சரியாக எழுதியிருந்தார்கள். முழு மதிப்பெண் போட்டாள். ஒரு விடையைக்கூட அவளால் நம்ப முடியவில்லை.