ஓரகத்தியின் வெள்ளை மருந்து

ஊரில் பாதிப் பேரைத் தூங்கவைத்தவள் நான். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் மயக்க மருந்து டாக்டராக இருந்தவளுக்கு இவ்வளவு கூட்டிச் சொல்ல உரிமை உண்டு. இப்போது சொல்லவந்தது என் ஓரகத்தியின் கதை. என் வயிற்றெரிச்சலும் கூடவே வரும், தடுக்க முடியாது.

கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவளும் மயக்க மருந்து டாக்டர்தான் என்று தெரிந்ததும் வீடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்கும் சேர்ந்தாள். நடந்தால் சத்தம் வராது என்பதால் அங்கே அவளுக்குப் பூனை என்று பெயர். கண்ணாடியை ஒரே நாளில் மூன்று இடத்தில் மறந்து வைப்பாள். ஆனால் மருந்துக் குப்பியின் பெயரை இரண்டு தரம் வாய்விட்டுப் படிக்காமல் ஊசியைத் தொடமாட்டாள்.

அவள் வரும்வரை புதன்கிழமை என்னுடையது. அன்றுதான் மூக்கு டாக்டர் சைனஸ் ஆபரேஷன் செய்வார். மூக்குக்குள் கேமராக் குழாயை விட்டு, கண்ணுக்கும் மூளைக்கும் பக்கத்திலேயே நோண்டுகிற வேலை. கொஞ்சம் ரத்தம் கசிந்தாலும் திரை சிவந்துவிடும். அந்தக் கசிவை அடக்குவதில் நாங்கள் தேர்ந்தெடுக்கும் மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. நான் மூச்சோடு போகும் வாயுவை நம்புகிறவள். அவளோ பால்போன்ற வெள்ளை மருந்தைப் பம்பில் வைத்து, நரம்பு வழியாக நிதானமாக ஏற்றுவாள்.

நான் லீவு போட்ட ஒரு புதன்கிழமை அவள் போனாள். மறுநாள் மூக்கு டாக்டர் என்னிடமே வந்து, திரை துடைத்துவைத்த மாதிரி இருந்தது என்று புகழ்ந்தார். இனிமேல் புதன்கிழமை யாருக்கு என்பதை அடுத்த வாரம் முடிவு செய்வதாகவும் சொன்னார்.

அவள் எழுதிய மயக்கக் குறிப்புத் தாளைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். ரத்த அழுத்தம் நூறு. இவ்வளவுதானா, எண்பத்தைந்துக்கே இறக்கிக் காட்டுகிறேன் என்று அடுத்த புதன்கிழமை வாயுவைத் தாராளமாகத் திறந்துவிட்டேன். எண்பத்தைந்து வந்தது. கதவோரம் எட்டிப் பார்த்த ஓரகத்தியை ஒரு பார்வை பார்த்தேன்.

மூக்கு டாக்டர் கையை நிறுத்தினார். "ஒண்ணுமே தெரியல டாக்டர். ஒரே செவப்பு."

தாளில் அழுத்தத்துக்குக் கீழே இருந்த வரியை நான் படிக்கவே இல்லை. அவளுடைய நோயாளிக்கு நாடித்துடிப்பு ஐம்பத்தெட்டு, என் நோயாளிக்கு நூற்றுப்பத்து. வாயுவைக் கூட்டினால் அழுத்தம் இறங்கும். ஆனால் ரத்தக்குழாய்கள் விரியும், இதயம் ஓட்டமெடுக்கும், கசிவு நிற்காது. படித்த பாடம்தான். பொறாமையில் என் கண்ணுக்கு ஒரே ஒரு எண்தான் பட்டிருந்தது.

சட்டென்று எனக்கே உறைத்தது. வாயுவைக் குறைத்து வெள்ளை மருந்துக்கு மாறினேன். கொஞ்ச நேரத்தில் திரை தெளிந்தது, நோயாளியும் நல்லபடியாக விழித்தார். அன்றே பெருந்தன்மையோடு புதன்கிழமையை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன்.

நான் எழுதிய இவ்வளவையும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஓரகத்தி படித்துக்கொண்டிருக்கிறாள். வந்த சத்தமே கேட்கவில்லை.

"உங்களுக்கே உறைச்சுதாக்கும்? நாடியப் பாருங்கக்கான்னு காதுல வந்து சொன்னது நானு. வெள்ளை மருந்த ஏத்துனதும் நானு. நீங்க ஒண்ணும் விட்டுக்குடுக்கல, மூக்கு டாக்டர்தான் மாத்தி விட்டாரு. ரெண்டு மாசம் என்கூடப் பேசாம இருந்தீங்களே, அதையும் எழுதுங்க."