பழவங்காடியில் ஒரு லண்டன் எண்

பழவங்காடிக் கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருக்கும் சேஷன், ஓய்வுபெற்ற அரசு அலுவலர், ஒரே சமயத்தில் மூன்று நாடுகளில் வசிப்பவர். இதற்காக அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. லண்டனில் இருக்கும் மகள் மாளவிகாவும் சிங்கப்பூரில் இருக்கும் மகன் கைலாஷும் ஆளுக்கொரு இணையத் தொலைபேசிக் கணக்கு எடுத்து, வீட்டிலிருந்த ஒரே போனில் கோத்துவிட்டார்கள். முதலில் ஒன்றை அழுத்தினால் உள்ளூர் எண்ணிலிருந்து அழைப்பு போகும். இரண்டென்றால் லண்டன் எண், மூன்றென்றால் சிங்கப்பூர் எண்.

சேஷன் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டை அழுத்துமுன் மஃப்ளர் சுற்றிக்கொள்வார். சில மாலைகளில் யாரையும் கூப்பிடாமல் ரிசீவரைக் காதில் வைத்துக் கண்மூடி, மழை நனைத்த ஏதோ ஒரு லண்டன் தெருவில் மெல்ல நடந்துகொண்டிருப்பார்.

"ஏன்னா, லண்டன்லேர்ந்து எறங்கி வாங்கோ. காப்பி ஆறறது" என்பாள் மனைவி சீதாலக்ஷ்மி.

இத்தனை நாடுகள் இருந்தும் உள்ளூரில் பேச ஆளில்லை. எதிர்வீட்டு மாடியில் இருக்கும் நண்பர் ஞானசிகாமணி, மாலை நடைக்குக் கூட வருகிறவர், பேச்சை நிறுத்திவிட்டார். அவர் மீசைக்குப் புதிதாகப் பூசிய சாயத்தைப் பார்த்து, "வெளிச்சத்தையே உறிஞ்சறதே, ஓய்!" என்று சேஷன் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அதிலிருந்து சேஷனின் உள்ளூர் எண்ணை அவர் எடுப்பதில்லை. தனியே நடக்கப் போனாலும் சேஷன் தெருமுனையிலிருந்தே திரும்பிவிடுவார்.

ஒரு மாலை மஃப்ளரை இறுகச் சுற்றிக்கொண்டு இரண்டை அழுத்தினார்.

"ஹலோ, ஆரு?"

"சேஷன். லண்டன்லேர்ந்து."

மறுமுனையில் ஒரு சன்னல் கதவு கிறீச்சிட்டது.

"எப்பம்வே போனீரு? குளிரு உண்டா?"

"எலும்புக்குள்ள ஏறறது. ஓய், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இந்த ஊர் பூரா தேடிட்டேன், உம்ம மீசை மாதிரி ஒண்ணு கண்ல படலே."

கடல்கடந்து வரும் மன்னிப்புக்குத் தனி மதிப்பு உண்டல்லவா? ஞானசிகாமணி தொண்டையைச் செருமினார். அந்நேரம் பார்த்துக் கோயிலில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். போனின் இரு முனையிலும் ஒரே 'படார்'.

"என்னவே சத்தம்?"

"பனி" என்றார் சேஷன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "கூரைலேர்ந்து விழறது."

"இங்கயும் விழுது, கேட்டோ. என்னைக்குத் திரும்பி வாரீரு?"

"நாளைக்குச் சாயங்காலம் எறங்கிடுவேன்."

"அப்பம் நடக்கப் போவோம். அந்த மஃப்ளரைக் கழட்டும்வே, சன்னல் வழியா பாக்கச்செல எனக்கு வேர்க்குது."

சேஷன் கழற்றவில்லை. விமானம் இன்னும் தரையிறங்கவில்லையே.