கலங்கல் தண்ணீருக்குக் கறுப்புப் புழு

அலபாமாவில் நான் இருக்கும் ஊரில் தூண்டில் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. ஒரு சுவர் முழுக்க ரப்பர் புழுக்கள். தர்பூசணிப் பச்சை, பூசணிப் பச்சை, நாவற்பழ ஊதா, கறுப்பு. பாஸ் என்கிற ஒரு மீனை ஏமாற்ற இத்தனை நிறம். திருவையாற்றுப் பக்கம் வாய்க்கால் கரையைக் கிளறி மண்புழு கோத்தவனுக்கு முதல் நாள் சிரிப்புதான் வந்தது. ஏரித் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கடைக்காரர் கேட்டார். ஆடியில் காவிரி வருகிற மாதிரி என்றேன். காவிரி அலபாமாவில் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்றார். கையால் கலக்கிக் காட்டிய பிறகு கறுப்பை எடுத்துக் கொடுத்தார். தெளிந்த தண்ணீருக்கு வெளிர் பச்சை, கலங்கினால் கறுப்பு. அவ்வளவுதான் விஷயம்.

தண்ணீர் பார்த்து நிறம் மாற்றும் வித்தை எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர் மிராசுதார் அதில் மன்னர். ஆட்சி மாறினால் மறுவாரம் அவர் வேட்டிக் கரையும் மாறியிருக்கும். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மேடையேறி அதைப் பாராட்டிப் பேசினார். இறங்கி வந்து, மிஞ்சிய நிலத்தைப் பண்ணையாட்கள் பேரில் எழுதிவைத்தார். என் அப்பா கோவிந்தன் பேருக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், வந்தது. பட்டா அப்பாவுக்கு, நெல் மிராசுதார் களத்துக்கு. ஒரு வருஷம் அப்பா, “எம் பேர்ல இருக்கிறதுல ஒரு போகம் நான் வெச்சிக்கிறேங்க” என்று கேட்டுவிட்டார். அன்று சாயங்காலமே எங்கள் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அப்பா நாகூரில் மூட்டை தூக்கியே செத்தார். அதை நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

அந்த மிராசுதாரின் மகன் இங்கே அலபாமாவில், பக்கத்து நகரத்தில் எஞ்சினியர். சின்ன வயதில் என் அப்பாவை ‘டேய் கோவிந்தா’ என்று கூப்பிட்டவன், போன மாதம் ‘அண்ணே’ என்று எனக்குப் போன் செய்தான். நிலத்தை விற்க வேண்டுமாம். வாரிசு என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். ஏரிக்கு வாங்க, பேசுவோம் என்றேன். மழை பெய்து ஏரி கலங்கிக் கிடந்தது. நான் கறுப்பைக் கோத்துக்கொண்டு அவனுக்குத் தர்பூசணிப் பச்சையைக் கொடுத்தேன். காலை முழுக்க என் தூண்டில் வளைந்துகொண்டே இருந்தது. அவனுடையது அசையவே இல்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

“நீங்க என்ன கலர் போட்டிருக்கீங்கண்ணே?”

“ஊருக்குப் போன் போட்டு உங்க அப்பாவைக் கேளுங்க. தண்ணிக்குத் தக்க கலர் மாத்துறதுல அவரை அடிச்சிக்க ஆளில்லை.”

அவன் முகம் சுருங்கியது. “பழசெல்லாம் எதுக்குண்ணே? அந்தக் கையெழுத்து…”

“போடமாட்டேன். தரிசாக் கெடந்தாலும் அது கோவிந்தன் நெலம்.”

அவன் போனதும், ஊரில் இருக்கும் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு, நாளைக்கே டிராக்டர் இறக்கி உழுடா என்றேன். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது வயலிலிருந்து கூப்பிட்டான்.

“யாரும் தடுக்கலண்ணே. ஆனா வரப்பையெல்லாம் வெட்டி ஒண்ணாக்கி வெச்சிருக்காங்க. நம்மது எங்கேருந்து எது வரைக்கும்?”

அப்பா இருந்தால் நடந்தே காட்டியிருப்பார். அவரை விட்டால் அது தெரிந்தவர் ஒருவர்தான் இன்னும் உயிரோடு இருக்கிறார். அந்த மிராசுதாரிடம் கேட்பதைவிட நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். இருடா, சொல்றேன் என்று சொல்லிவிட்டு, அலபாமா வெயிலில் கார் கதவைப் பிடித்தபடி நின்றேன். காதுக்குள் டிராக்டர், நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.